கொல்லை விளக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் ரூபாவும் சுகம். கப்பலில் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நம் வீட்டுக்குப் பின்னால் ஓடையில் முதலை நடமாட்டம் என்று சௌல்தாரி ஊர் முழுக்கப் பேச்சு. ஐடிஐயில் படித்ததை வைத்து நானே ஒரு சென்சார் செய்தேன். டிபன் டப்பாவுக்குள் மூன்று பேட்டரி, ஒரு சின்ன ரேடியோ போர்டு, வயரே கிடையாது. அதை வேலியில் கட்டினேன். எது அசைந்தாலும் கொல்லை விளக்கு தானாக எரியும். நாய்க்கு எரிந்தது, கோழிக்கும் எரிந்தது. தைரியமாக இருந்தேன்.

நம் தீவில்தான் தெரியுமே, வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. விளக்கு எரியவில்லையே, கொல்லையில் எதுவும் இல்லை என்று நம்பி, "போய்க் கால் கழுவிட்டு வா" என ரூபாவை நான்தான் அனுப்பினேன். அவள் படி இறங்கியதும் விளக்கு எரிந்தது. துவைக்கிற கல்லை ஒட்டி அது படுத்திருந்தது.

"அம்மா, இது அசையுது" என்றாள். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, "பாகோ பேட்டி, பாகோ!" என்று ஓடச் சொல்லி அலறிய பிறகுதான் ரூபா ஓடி வந்தாள். ஒரு செருப்பு மட்டும் போயிற்று.

சென்சார் உடம்புச் சூட்டை வைத்துத்தான் அசைவை அறியும். முதலைக்கு ஏது அந்தச் சூடு? இது எனக்குத் தெரிந்த பாடம். தோன்றவில்லை.

வனத்துறை கூண்டு வைத்திருக்கிறது. இன்னும் அகப்படவில்லை. ரூபா நன்றாகத்தான் இருக்கிறாள், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அடுத்த நடையில் லீவு கிடைக்குமா?

கொல்லை இருட்டாக இருந்தால் அங்கே எதுவும் இல்லை என்று இனி என்னால் நம்ப முடியாது.

பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி