எறும்பு காட்டிக்கொடுத்த பானம்

ஊய்சோங்
ஜூலை 21, 1973

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தோ புன்சோன் பணிவுடன் எழுதுவது. திருமணம் முடிந்து ஐந்து மாதங்கள் கழித்து எழுதும் குற்றத்தைப் பொறுத்தருள வேண்டும். மகனை விட்டு எழுதச் செய்திருக்கலாம். பள்ளிக்கூட வாசலை மிதியாமல், மளிகைப் பொட்டலத் தாள்களைக் கொண்டே எழுத்துக் கற்றவள் நான். தங்களுக்குச் செல்லும் முதல் கடிதம் என் கையெழுத்தில்தான் இருக்க வேண்டுமென்று ஐந்து தாள்களை வீணாக்கினேன்.

நற்செய்தி: தங்கள் மகள் குமோக் கருவுற்றிருக்கிறாள். மூன்றாம் மாதம். ஆனால் மசக்கை கடுமை. இரண்டு வாரமாகச் சோறும் கிம்ச்சியும் வயிற்றில் தங்குவதில்லை.

ஆகவே மிசுட்காரு கலக்கிக் கொடுத்தேன். ஒட்டரிசி, பார்லி, கறுப்பு சோயா, எள் முதலான ஏழு வகையை அவித்து, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவு. கிணற்று நீர், மலைத்தேன். என் மாவுக்கு இவ்வூரில் நிகரில்லை என்பதைத் தற்பெருமையாகக் கருத வேண்டாம். குமோக் நாள்தோறும் கிண்ணத்தைக் காலியாகவே திருப்பித் தந்தாள். பூரித்துப்போனேன்.

நேற்று முன்தினம் முற்றத்துக் காசித்தும்பைச் செடிகளின் அடியில் எறும்புப் படை. குனிந்தால் தேன் வாசனை! என் கணவர் எட்டிப் பார்த்து, "ஊர்லயே ஒசத்தியான மாவுதான்டி. எறும்பெல்லாம் குடும்பத்தோட விருந்துக்கு வந்திருக்கு பாரு!" என்றார்.

குமோக் அழுதுவிட்டாள். "கோவிச்சுக்காதீங்க அத்தை. சோயா வாசன வந்தாலே கொமட்டுது. சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"அடி அசடே! என் வருத்தத்தக் குடிச்சா உன் வயிறு நெறையுமா? எதுதான்டி எறங்கும்?"

"எங்கம்மா கலக்குவாங்களே, வெறும் பார்லி. லேசா தீஞ்ச வாசன வரும்."

வெறும் பார்லி! நேற்று மூன்று முறை வறுத்தேன். முதலாவது வெளுப்பு, இரண்டாவது கரி. மூன்றாவதில் இரண்டு வாய் இறங்கியது. அருகில் நின்று கண்ணாரப் பார்த்தேன். "கிட்ட வந்துட்டீங்க அத்தை. ஆனா அம்மாவோடது மாதிரி இல்ல," என்றாள்.

கழிப்பறையும் சம்பந்தி வீடும் எத்தனை தூரமோ அத்தனை நல்லது என்பார்கள். நானும் இதுவரை எவரிடமும் பக்குவம் கேட்டவள் அல்லள். தங்களிடம் கேட்கிறேன்: பார்லியை எந்த நிறம் வரை வறுப்பீர்கள்? தேன் முதலிலா, கடைசியிலா? எழுத்தில் அடங்காத பக்குவமாயின், தாங்களே வந்து வறுத்துக் காட்டினால் எங்கள் அடுப்பு பெருமைகொள்ளும்.

இரண்டு வாய் போதாது. பதிலை உடனே அனுப்புங்கள்.

தங்கள் சம்பந்தி,
தோ புன்சோன்