கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி

சிலிபின், ஈப்போ
5 டிசம்பர் 1982

அன்பு மகள் ஐவிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் அருளால் நானும் உன் அம்மாவும் அண்ணன் செபாஸ்டியனும் இங்கே சுகம். அந்தக் குளிர் நாட்டில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தடித்த உறையாக இருந்ததால் தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அம்மா அதைப் பிரிக்கவில்லை. நான் பூங்கா வேலை முடிந்து வரும்வரை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வந்ததும் கைகூடக் கழுவ விடவில்லை. பிறகு, உறை அழுக்காகிவிட்டது என்று அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

நீ எழுதாமல் இருந்த காலத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபமெல்லாம் அந்த உறையைப் பார்த்தபோதே போய்விட்டது. ஆனாலும் நம் வீட்டுக் கதை உனக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

வின்னிபெக்கில் இலைகள் சிவக்க ஆரம்பித்துவிட்டன என்று செப்டம்பரில் எழுதினாய். அதோடு சரி. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அம்மா தபால்காரரை வாசலில் நின்று பிடிக்க ஆரம்பித்தாள். கடைசியில் அந்த மனிதர் நம் தெருவுக்குள் நுழையும்போதே இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போகப் பழகிக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். யார் மகனோ லண்டனில் வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டானாம், யார் மகளோ படிப்பை விட்டுவிட்டுக் கடையில் வேலை பார்க்கிறாளாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள்.

அந்த நேரம் பார்த்துக் கோலா கங்சாரிலிருந்து உன் சூசை மாமா வந்தார். வரும்போதே ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் அங்கே ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. குடி இல்லை, நல்ல குடும்பம். படிக்கப் போன பிள்ளை கடிதம் போடவில்லை என்றால் ஒன்று படிப்பு ஓடவில்லை, இல்லை யாரோடோ பழக்கம், எதுவானாலும் கிறிஸ்மசுக்கு வரவழைத்து நிச்சயம் செய்துவிடு என்றார். அம்மா பயத்தில் சரி என்று சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. என் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கல்லறைத் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை மதியச் சாப்பாட்டுக்கே வரச் சொல்லிவிட்டார் மாமா.

செபாஸ்டியனுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஆளையே கேக்காம ஆளுக்குக் கல்யாணம் பேசுறீங்களே" என்று கத்திவிட்டு, ஐயாவு கடைக்குப் போய் அங்கிருந்த போனில் கனடாவுக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு வந்தான். அதே ஞாயிறு காலை, பூசை முடிந்த கையோடு பேசுவதாக ஏற்பாடு. உங்களுக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலமாம்.

அந்தப் போன் உனக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஐயாவு கடையில் அரிசி வாங்க வந்தவர்கள்கூட வாங்காமல் நின்றுவிட்டார்கள். செபாஸ்டியன் யாரிடமோ இங்கிலீசில் பேசினான். பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் போனை என் காதில் வைத்தான். "அப்பா" என்று உன் குரல் கேட்டது. உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா எடுத்த எடுப்பில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். நீ என்ன சொன்னாயோ, அவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "நாவலாம்! ராவும் பகலும் நாவல்தானாம்! வேற சோறு தண்ணி கெடையாதா அந்த ஊர்ல?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். ஐயாவு, "அலாமா! அந்தக் குளிர்ல நாவப்பழம் ஏது லா, அக்கா?" என்றார். செபாஸ்டியன் போனைப் பிடுங்கி இன்னொரு தடவை கேட்டு, "பழம் இல்லம்மா, கதை! கதைப் புத்தகம் எழுதுறாளாம்!" என்று கூவினான். கடையே சிரித்தது. அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மறுபடி நான் போனை வாங்கினேன். நீயும் ஏதோ சத்தம் போட்டாய். அது சிரிப்பா அழுகையா என்று அப்பாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அதற்குள் லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் கோலா கங்சார்க்காரர்கள் கார் வந்து நின்றது. ஆட்டுக்கறி ஆக்கியிருந்தோம், சாப்பாடு போட்டோம். சாப்பிட்டு முடித்ததும் நான் சொல்லிவிட்டேன், மகள் படிப்போடு சேர்த்து ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருக்கிறாள், இரண்டும் முடியாமல் நாங்கள் கல்யாணப் பேச்சு எடுக்கப்போவதில்லை என்று. சூசை மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பையனின் அம்மா, கதை எழுதுகிற பெண்கள் சோறு குழைய விடுவார்கள் என்றார். அந்தப் பையன் மட்டும் தலையை நிமிர்த்தி, என்ன கதை என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, ஐவி. என் மகள் எழுதுகிற கதை என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் போனார்கள். எனக்கு அந்தக் கேள்வி மட்டும் மனசில் நின்றுவிட்டது.

அதனால்தான் உன் உறைக்குள் கடிதத்தோடு முதல் அத்தியாயமும் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். விடுதியில் நீங்கள் சில மாணவர்கள் சேர்ந்து, பனி கொட்டி மூடுவதற்குள் ஆளுக்கொரு நாவல் முடிப்பது என்று பந்தயம் வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறாய். மற்றவர்கள் இங்கிலீசில் எழுத, நீ ஒருத்தி மட்டும் தமிழில். அங்கே ஒருவருக்கும் படிக்கத் தெரியாதே, பிறகு யாருக்காக எழுதுகிறாய் என்று அவர்கள் கேட்டார்களாமே. அதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. அம்மா தனக்குத் தெரியும் என்கிறாள்.

அக்டோபர் கணக்கியல் பரீட்சையில் தவறிவிட்டதை வீட்டுக்கு எழுத வெட்கமாக இருந்தது, கடிதம் என்று உட்கார்ந்தாலே அது கதையாகப் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறாய். பரீட்சையில் தவறினால் தவறினேன் என்று எழுது, பிள்ளை. நாங்கள் என்ன, சர்ச்சில் அறிக்கை வாசிக்கவா போகிறோம்? இப்போது காலையெல்லாம் பாடம், சாயங்காலச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் மட்டும் நாவல் என்று பிரித்துக்கொண்டாய், அடுத்த பரீட்சையில் தேறியும் விட்டாய் என்று படித்தபோது அம்மா எழுந்து போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். சர்ச் உதவிப் பணமும் நிற்காது என்று உங்கள் சாமியார் சொன்னாராமே. அப்பாவுக்கு மார்பில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். கண்ணாடி பழசு, மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. நாம் முன்பு இருந்த சுங்காய்த் தோட்டத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டாய். ரப்பர் பால்மரங்கள் இலை கொட்டியதும் லயத்து வீட்டு வாசல்வரை வெயில் வருமே, பிள்ளைகள் சருகைக் குவித்து அதில் விழுந்து புரள்வீர்களே, அதைப் படித்தபோது எனக்கே உடம்பு அரித்தது. அங்கே மேப்பிள் மர இலைகளைப் பார்த்துவிட்டுத்தான் இது நினைவு வந்தது என்று எழுதியிருக்கிறாய். நான் தினமும் பூங்காவில் சருகு கூட்டுகிறேன், எனக்கு ஒரு கதையும் வந்ததில்லை. அந்தத் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை. அதற்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது.

கதையில் நவமணி என்ற அந்தப் பெண்ணின் தாய் ஓயாமல் ஏசிக்கொண்டே இருக்கிறாள். அம்மா பாதியில் நிறுத்தி, "நான் இவ்வளவா ஏசுறேன்?" என்று கேட்டாள். செபாஸ்டியன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். ஆனால் நவமணிக்கு அம்மை கண்டபோது அந்தத் தாய் பால்வெட்டுக்குப் போகாமல் வேப்பிலையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற இடம் வருகிறதே, அதை மறுபடி படிக்கச் சொன்னாள். அடுத்த நாளும் படிக்கச் சொன்னாள். வேகமாகப் படித்தால் ஏச்சு விழுகிறது.

பந்தயத்தில் பினாங்குச் சீனப்பெண் மட்டும் முடித்துவிட்டாள், உனக்குக் கடைசி அத்தியாயம் பாக்கி, அதை டிசம்பர் பரீட்சைக்குப் பிறகுதான் தொடப்போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதுவே நல்லது. இந்தக் கடிதம் வந்து சேரும்போது பரீட்சை முடிந்திருக்கும். பந்தயத்தில் தோற்றதைப் பற்றிக் கவலைப்படாதே. பரீட்சை எப்படி எழுதினாய் என்று மட்டும் உடனே எழுது.

வீட்டுச் செய்தி. செபாஸ்டியனுக்கு மெங்லெம்புவில் ஒரு தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. மழை விடாமல் பெய்கிறது, பின்பக்கக் கூரை ஒழுகுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான், வேறொன்றும் இல்லை. கிறிஸ்மசுக்கு முறுக்கு சுட மாவு இடித்தாகிவிட்டது. ஐயாவு பார்க்கும்போதெல்லாம், நாவல் பழுத்துவிட்டதா என்று கேட்கிறார்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தின் கடைசியில், பட்டணத்தில் படித்து முடித்த நவமணி தோட்டத்துக்குத் திரும்புவதா வேண்டாமா என்று உனக்கே தெரியவில்லை, அதனால்தான் கடைசி அத்தியாயம் நகரவில்லை என்று எழுதியிருந்தாய். அம்மா அந்த வரியைக் கேட்டுவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, அவள் திரும்பி வருகிறாள் என்று எழுதச் சொல்லுங்கள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாம், அவள் இஷ்டம் என்றாள்.

அப்பாவும் அதையே சொல்கிறேன். நாங்கள் காத்திருக்கிறோம் என்பதற்காக அந்தப் பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பாதே. அவளுக்குப் பட்டணத்தில் நல்ல வேலையும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஒரு மனுஷரும் கிடைத்தால் அங்கேயே இருக்கட்டும். வர வேண்டும் என்று தோன்றினால், எந்த நேரமானாலும் வரட்டும், கதவு சாத்தியிருக்காது. எப்படி எழுதினாலும் நாங்கள் படிப்போம். ஒன்று மட்டும் அப்பாவுக்காகச் செய். அவள் திரும்பி வராவிட்டாலும், வீட்டுக்குக் கடிதம் போடுகிற பெண்ணாக அவளை எழுது.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அன்பு அப்பா
அந்தோணிமுத்து