ஏத்து என்று நீ சொல்லும் வரை

மாப்ளே,

இன்று காலை கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு வியாபாரி சுக்கு மூட்டையை என் ஆட்டோவின் பின்சீட்டில் திணித்து, தோப்பும்படியில் இறக்கச் சொன்னார். போய்ச் சேர்வதற்குள் விடாமல் தும்மிக்கொண்டே இருந்தேன். நீ இருந்திருந்தால், "இத்தன வருசம் சுக்குத் தூசியத் தின்னவனுக்கு இன்னும் பழகலையாடா?" என்று கேட்டிருப்பாய். மூட்டையை இறக்கிய பிறகும் வாசனை போகவில்லை. சவாரியை விட்டுவிட்டு, படகுத்துறைப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

நாம் மூட்டை சுமந்த கிட்டங்கியின் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சுமப்பவன் குனிந்து, காலை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு "ஏத்து" என்பான். அதைக் கேட்ட பிறகுதான் முதுகில் வைக்க வேண்டும். அதுவரை தூக்கியவன் கை இற்றுப்போனாலும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நீ காலை ஊன்றி முடிப்பதற்குள் ஒரு சாயா குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று உன்னை எவ்வளவு கேலி செய்திருப்பேன்!

அந்த மழை நாளில் நான் ஊருக்குப் போயிருந்தேன். லாரியில் சரக்கு நனைகிறது என்று மேஸ்திரியே மூட்டையின் ஒரு பக்கம் பிடித்தாராம். அடுத்த நிமிடம் நீ மூட்டைக்கு அடியில் கிடந்தாயாம். அதற்குப் பிறகு உன் இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. மறுபக்கம் பிடித்தவன் வேலை போய்விடும் என்று வாயையே திறக்கவில்லை. நீ நஷ்டஈடு கேட்டபோது முதலாளி கோர்ட்டில் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கு இப்போதும் கை பரபரக்கிறது. நீ அன்று வேலைக்கே வரவில்லையாம், குடித்துவிட்டு எங்கேயோ விழுந்தாயாம். ஒரு சொட்டு தொடாதவன் நீ. "நான் வேலையிலதான் இருந்தேன்னு ஜட்ஜு முன்னால என் வாயால சொல்லணும்டா. அது போதும்," என்பாய். காசைப் பற்றி நீ பேசி நான் கேட்டதில்லை.

கோர்ட்டு மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. முதல் தவணைக்கு நாங்கள் நாலு பேர் உன்னை வீல்சேரோடு தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் மூத்திரப் பையின் குழாய் கம்பியில் சிக்கி, லுங்கி அவிழ்ந்து, கீழே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். மேலே போனதும் ஜட்ஜ் கேட்ட கேள்விக்கு உனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சொல்வதற்கு இவரிடம் ஒன்றுமில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். அடுத்த தவணையிலும் பேசாவிட்டால் உன் சாட்சியமே இல்லாமல் வழக்கை முடித்துவிடுவேன் என்றார் ஜட்ஜ். திரும்பும்போது ஆட்டோவில் நீ சொன்னது ஒன்றுதான்: "இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது."

நம் வக்கீல் மேடம் உன்னைக் கீழேயே விசாரிக்க வேண்டும் என்று மனுப் போட்டார். அடுத்த தவணை நாள் வந்தும் அது ஜட்ஜ் கண்ணில் பட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. பஜார் கூட்டாளிகளோ தங்கள் பங்குக்குக் கயிறும் பலகையும் கொண்டு வந்துவிட்டார்கள், இந்த முறை ஆடாமல் அசங்காமல் ஏற்றிவிடலாம் என்று. நீ படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய். என்னை மட்டும் மேலே அனுப்பினாய். "பேர் கூப்பிட்டா, கீழ இருக்கான்னு சொல்லு. ஓடிப்போயிட்டான்னு எழுதிரப் போறாங்க."

டவாலி உன் பெயரைக் கூப்பிட்டார். நான் பின்னாலிருந்து கையைத் தூக்கினேன், அவர் பார்க்கவில்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டார். மேடம் எழுந்து மனுவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே எதிர் வக்கீல் குறுக்கே பாய்ந்தார். போன தவணைக்கு ஏறி வந்தவருக்கு இன்று மட்டும் என்ன, வழக்கை இழுக்கத்தான் இது என்றார். ஜட்ஜுக்கும் பொறுமை இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அயாள் எவிடே?" என்று கேட்டார்.

"கீழ இருக்கான் சாரே."

"போன தவண வந்நதல்லே?"

"வரல சாரே," என்றேன். எங்கிருந்து தைரியம் வந்ததோ. "நாங்கதான் தூக்கிட்டு வந்தோம். அவன் வரல."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எதிர் வக்கீல் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் ஜட்ஜ் கைகாட்ட, டவாலி மூன்றாம் முறையும் உன் பெயரைக் கூப்பிட்டார். அது ஜன்னல் வழியாகக் கீழே கேட்டிருக்கிறது. கேஸ் போய்விட்டது என்று நம் ஆட்கள் பதறிப்போய் உன் அக்குளில் கை கொடுத்துவிட்டார்கள்.

நீ போட்ட சத்தம் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது.

"எடுங்கடா கைய! ஏத்துன்னு நான் சொன்னேனா? சொன்னேனாடா?"

என்ன சத்தம் என்று ஜட்ஜ் கேட்டார். எனக்குத் தெரிந்த மலையாளத்தையும் தமிழையும் கலந்து நம் வழக்கத்தைச் சொன்னேன். சுமக்கிறவன் சொல்லாமல் ஒரு மூட்டைகூட அவன் மேல் வைக்க மாட்டோம் சாரே, இவனை மட்டும் கேட்காமலே தூக்கிவிட்டோம் என்றேன். ஜட்ஜ் மேடத்திடம் மனுவின் நகலை வாங்கி அங்கேயே படித்தார். மதியத்துக்கு மேல் கீழ்த்தளத்தில் பழைய வழக்குக் கட்டுகள் வைத்திருக்கும் அறையில் உட்கார்வதாகச் சொன்னார். சிப்பந்திகள் முணுமுணுத்துக்கொண்டே மேசையை இறக்கினார்கள். அதை இறக்க நம் ஆட்களும் ஓடிப்போய்க் கைகொடுத்தது பெரிய வேடிக்கை.

கூட்டாளிகள் கொண்டு வந்த பலகையை வாசல் படியில் சாய்த்து வைக்கச் சொல்லி, உன் வீல்சேரை நீயே உருட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போனாய். மொழிபெயர்க்க ஒருவரை வைத்தார்கள். உட்கார முடியாதபோது சொல்லலாம், சாய்ந்துகொள்ள நேரம் தரப்படும் என்றார் ஜட்ஜ். நீ மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் கதவோரம் நின்றேன்.

"நீங்க எப்படி விழுந்தீங்கன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கா?" மொழிபெயர்ப்பாளர் வழியாக எதிர் வக்கீல் கேட்டார்.

"நான் விழல சார். காலு ஊன்றதுக்குள்ள மேஸ்திரி மூட்டைய விட்டுட்டாரு. நான் ஏத்துன்னு சொல்லல."

"அந்த ஒரு வார்த்தை சொன்னீங்களா இல்லையான்னு அவ்வளவு நிச்சயமாத் தெரியுமா?"

"அதச் சொல்லாம நான் ஒரு மூட்டையும் சொமந்ததில்ல சார். சொல்லாமச் சொமந்தது அது ஒண்ணுதான்."

மேஸ்திரி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்தவர் அப்புறம் நிமிரவே இல்லை. அதை ஜட்ஜும் பார்த்தார்.

தீர்ப்பையும் அதே அறையில்தான் படித்தார்கள். நீ வேலையில்தான் இருந்தாய் என்று அது சொன்னது. வீட்டுக்கு வந்ததும் செல்வியைக் கூப்பிட்டு, "குடிச்சிருந்தேன்னு இனி எவனும் சொல்ல முடியாது," என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். உன் தங்கமான பெண்டாட்டி சிரித்துக்கொண்டே அழுதாள்.

இப்போது அந்த அறை வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு கட்டியிருக்கிறார்கள். கட்டை ஊன்றி நடப்பவர்களையும் கண் தெரியாதவர்களையும் அங்கே நான் அடிக்கடி இறக்கிவிடுகிறேன். முன்பெல்லாம் சட்டென்று கையைப் பிடித்து இழுத்திருப்பேன். இப்போது பக்கத்தில் போய் நின்று, "பிடிச்சோட்டே?" என்று அனுமதி கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அவர்களே இறங்கி முடிக்கும்வரை, பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் நிற்கிறேன்.

போன மழையில் படுக்கைப் புண் முற்றி நீ போய்விட்டாய். பாடையின் நான்கு மூலையிலும் அன்று படியில் உன்னைத் தூக்கிய அதே நாலு பேர்தான். குனிந்தோம், பிடித்தோம். அப்படியே நின்றோம். "நேரமாகுதுல்ல, என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?" என்று உன் மச்சான் அதட்டினான். நாங்கள் எதற்காக நிற்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், மாப்ளே. நீ சொல்லவில்லை. கடைசியில் உனக்காக நான்தான் சொன்னேன்.