மேட்டில் நிறுத்தி எடுப்பது

பீடோர்,
9 ஆகஸ்டு 2015, ஞாயிறு.

மதிப்பிற்குரிய என் கணவர் வீராசாமி அவர்களுக்கு,

தனபாக்கியம் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உங்கள் நலத்தை உங்கள் அக்கா சிந்தாமணி அண்ணி நாள் தவறாமல் போனில் ஒப்பித்துவிடுவதால் என் ஆவலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இடதுகாலை எடுத்த இடத்தில் புண் ஓரளவு ஆறிவிட்டதாம். இனிப்புநீர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறதாம். இன்னும் டின் பால் ஊற்றிய தேத்தண்ணிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறீர்களாம். முழங்காலுக்குக் கீழே போன பிறகும் நாக்கு அப்படியே இருக்கிறது, சந்தோஷம்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். நான் போனில் உங்களோடு பேச மறுத்ததால்தான் எழுத வேண்டி வந்தது, தெரியும். போன் என்றால் நீங்கள் கத்துவீர்கள், நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். கடிதம் கத்தாது. பிடிக்காவிட்டால் மடித்து அரிசி வாளியின் மேல் வைத்துவிடலாம். உங்களுடையது இப்போது அங்கேதான் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்திகள். சமையலறையில் ஒழுகிய கூரைக்குத் தகரம் மாற்றியாயிற்று. ரம்புத்தான் இந்த வருடம் கிளை தாங்காமல் காய்த்தது, அணில் தின்றது போக அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். உங்கள் செருப்பு, சப்பாத்து எல்லாவற்றிலும் இடதுகாலை மட்டும் பிரித்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். எறியவில்லை. உங்கள் பொருளை உங்களைக் கேட்காமல் உடைக்கவோ எறியவோ கூடாது என்று நினைப்பவள் நான். அந்த எண்ணம் உங்களுக்கு இருந்ததில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடிதத்தில் மூன்று விஷயம் எழுதியிருந்தீர்கள். அண்ணி உங்களைப் பின்னறையில் போட்டுவிட்டு நேரத்துக்குச் சோறு தருவதில்லை என்பது ஒன்று. வருகிற ஞாயிறு ரிங்லெட்டில் அண்ணி மகளின் பரிசத்துக்கு நான் காரோடு மலையேறி வந்து, விருந்து முடிந்ததும் உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது இரண்டு. மூன்றாவதை உங்கள் எழுத்திலேயே திருப்பி எழுதுகிறேன்: "நீ லைசன்சு எடுத்துட்டன்னு கேள்விப்பட்டேன். ரொம்பப் பெருமையா இருக்கு. என்ன இருந்தாலும் நான் போட்ட பிள்ளையார் சுழிதானே."

முதல் இரண்டோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் வந்து ஏற்றிக்கொண்டு போயிருப்பேன். இத்தனை வருடம் பேசாமல் இருந்தவளுக்கு இன்னொரு ஞாயிறு பெரிதில்லை. தவளை தன் வாயால் கெடும். அந்த மூன்றாவது வரியால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் பிள்ளையார் சுழி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொண்ணூற்றெட்டாம் வருடம், தண்ணீர்த்தொட்டி மேடு. அப்போது நீங்கள் செம்பனைக் குலை லோரி ஓட்டினீர்கள், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று கடைத்தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சாகா கார் வாங்கிய புதிது. எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று நான்தான் கேட்டேன். கேட்டது என் வாய், அதற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது.

முதல் ஞாயிறு காரை மேட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பப்பாளிப் பழத்தை வைத்தீர்கள். பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும், அதுதான் பாடம். கிளச்சை எவ்வளவு விட வேண்டும், எப்போது ஆக்சிலரேட்டரை மிதித்து எண்ணெய் கொடுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழம் நசுங்கியது. மேட்டோரம் பீர் குடித்துக்கொண்டிருந்த உங்கள் கூட்டாளிகள் கைதட்டினார்கள். "அடியே பாக்கியம், ஜூஸ் கடை போட்டுரலாம்டி" என்றீர்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது ஞாயிறு என் ரேடியோவை வைத்தீர்கள். நான் தையல் தைத்து வாங்கிய ரேடியோ. "இது உன் சாமான்லா, இப்ப பாரு எப்படிக் கவனமா ஓட்டுவ" என்றீர்கள். கால் நடுங்கியது, எஞ்சின் நின்றது, வண்டி உருண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி வேறு சொன்னீர்கள். அன்று நான் சிரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு நம் பிள்ளை ரூபிணியை நிற்க வைத்தீர்கள். அவளுக்கு ஆறு வயது. மஞ்சள் கவுன். கண்ணாடியில் அவள் தலை மட்டும் தெரிந்தது. நான் இறங்கப் போனேன். கதவைக் காலால் உதைத்து மூடினீர்கள். "ஓட்டுடி, பெத்தவளுக்குப் பயம் இருந்தாத்தான் கால் நிக்கும்" என்றீர்கள். வண்டி ஒரு சாண்தான் உருண்டது. நம்பர் பலகையின் ஓரம் அவள் வலது முழங்காலைக் கிழித்தது. ஏழு தையல். என் கன்னத்தில் உங்கள் ஐந்து விரல்.

கிளினிக்கில் டாக்டர் கேட்டபோது, இவள் பிள்ளை நிற்பதைப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் விட்டுவிட்டாள் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். நீங்கள் செய்ததில் பாதி பாவம் அந்தத் தலையாட்டலில் என் பங்காக வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனை விருந்து, எத்தனை கல்யாணம், எத்தனை தீபாவளி. சோறு பரிமாறி முடிந்ததும் நீங்கள் அந்தக் கதையை எடுப்பீர்கள். ரூபிணியைக் கூப்பிட்டுப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லித் தழும்பைக் காட்டுவீர்கள். "இது நம்ம வீட்டம்மா போட்ட கையெழுத்து. எமன் இவளத்தான் டிரைவரா வெச்சிருக்கான்" என்பீர்கள். அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பிள்ளை பன்னிரண்டு வயதானதும் தழும்பைக் காட்ட மாட்டேன் என்றுவிட்டாள். கதை மட்டும் நிற்கவில்லை.

இனி நான் கற்றுக்கொண்ட கதை. மார்ச்சில் உங்களுக்குக் காலை எடுத்தபோது, "கார் ஓட்டத் தெரியாதவ இவனக் கட்டு மாத்த எப்படிக் கூட்டிட்டுப் போவா?" என்று சொல்லி அண்ணி உங்களை மேலே ரிங்லெட்டுக்குத் தூக்கிப் போனார். மறுவாரம் நான் டிரைவிங் பள்ளியில் பெயர் கொடுத்தேன். கட்டினவனுக்காக இந்த வயதில் கற்றுக்கொண்ட பத்தினி என்று அண்ணி ஊரெல்லாம் சொல்கிறாராம். சொல்லட்டும், பாவம், அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

சொல்லிக்கொடுத்தவர் ரொஹானா என்ற மலாய் டீச்சர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாளே, "அக்கா, ஆட்டோ கியர் எடுங்க லா. கிளச்சே கிடையாது. எதுக்கு இந்த வயசுல கால நோக வைக்கிறீங்க?" என்றார். வீட்டில் நிற்பது கியர் வண்டி என்றேன். ஆட்டோவைப் பொம்பளை வண்டி என்று நீங்கள் காறித் துப்புவீர்களே, நினைவிருக்கிறதா? இனி உங்களுக்கு வாய்த்தால் அந்தப் பொம்பளை வண்டிதான் வாய்க்கும். கிளச்சுக்கு இடதுகால் வேண்டும். அது இந்த வீட்டில் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

முதல் வகுப்பில் பதினோரு தடவை எஞ்சினை நிறுத்தினேன். பின்சீட்டில் முறைக்காகக் காத்திருந்த பதினெட்டு வயதுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அடி விழப்போகிறது என்று என் தோள் தானாகச் சுருங்கியது. டீச்சர் அதைக் கவனித்திருக்க வேண்டும். "எஞ்சின் நின்னா மறுபடி சாவியத் திருப்புங்க. அவ்வளவுதானே. யாரு செத்தா?" என்றார். நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டேன். அந்தப் பெண்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

மேட்டுப் பாடத்தை அவர் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தார். ஹேண்ட் பிரேக் போட்டிருக்க, கொஞ்சம் எண்ணெய் மிதித்துக் கிளச்சை மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து, காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கே காலை அசைக்காமல் வைத்துப் பிரேக்கை இறக்கினால் வண்டி அப்படியே நிற்கும். பிறகு போக வேண்டியதுதான். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். பதினேழு வருடம் நான் மலை என்று நினைத்திருந்தது அரைமணி நேரச் சமாசாரம். அதைச் சொல்லித்தர உங்களுக்கு மனமில்லை, அல்லது அதைவிட அந்தக் கைதட்டல் இனித்தது.

முதல் தேர்வில் தோற்றேன். மேட்டில் மஞ்சள் கோட்டுக்கு நேராக நிறுத்தினேன், எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் கிளம்பாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மஞ்சள் கவுன் நின்றது. தேர்வு அதிகாரி ஜன்னலில் தட்டி, "பின்னாடி ஒண்ணும் இல்லம்மா, எதப் பாக்குறீங்க?" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி உருண்டுவிட்டது. இரண்டாம் தேர்வுக்குப் போகும்போது ரூபிணி ஈப்போவிலிருந்து லீவு போட்டு வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாக வந்தாள். மேட்டுக்கு முன்னால், வேலிக்கு அந்தப்பக்கம், எனக்கு எதிரே தெரியும்படி நின்றாள். நான் அவளைப் பார்த்தே ஓட்டினேன். வண்டி ஓர் அங்குலம் பின்வாங்கவில்லை.

லைசன்சு கையில் வந்த பிறகு அவள்தான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மலைப்பக்கம் போகலாம் என்றாள். நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. தாப்பாவைத் தாண்டி, வளைவுக்கு வளைவு காய்கறி லோரிகள் இறங்கிவர, இரண்டாம் கியரில் லாத்தா இஸ்கண்டார் அருவிவரை ஏறினோம். அங்கே நிறுத்திப் பெத்தாய்க் காய் ஒரு கட்டு வாங்கினோம். திரும்பி வண்டியில் ஏறியதும், "அம்மா, அன்னிக்கு நான் ஏன் நவரலன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நீ நவந்தா அம்மா தோத்துருவான்னு அப்பா சொன்னாரு. அதான் நின்னேன்" என்றாள்.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது. உங்கள் கதையை ஒரு நாளும் அவள் நம்பவில்லை. அவள் இத்தனை வருடம் என்னோடு ஒட்டாமல் இருந்தது வண்டி உருண்டதற்காக அல்ல. "கிளினிக்ல நீ ஏம்மா தலையாட்டின?" என்று கேட்டாள். பெத்தாய் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உங்கள் மேல் வந்த வெறுப்பு அன்றுதான் முழுதாக வந்தது. அதற்கு முன் இருந்ததெல்லாம் வெறும் பயம்.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் ரூபிணியும் வருகிறோம். அண்ணி வீட்டு முன்னால் இருக்கும் அந்தச் செங்குத்து மேட்டில், பாதியில், காரை நிறுத்துவேன். பரிசத்துக்கு வந்த சொந்தமெல்லாம் வாசலில் இருக்கும். உங்களைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து என் வண்டிக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே இருந்துகொண்டு, தொண்ணூற்றெட்டில் பிள்ளையை அந்த இடத்தில் நிற்க வைத்தது யார், அவளிடம் என்ன சொல்லி நிற்க வைத்தீர்கள் என்று எல்லோர் காதிலும் விழ நீங்களே சொல்ல வேண்டும். விருந்துக் கதைக்கு எடுக்கும் அதே குரலில் சொன்னால் போதும். கிளினிக்கில் தலையாட்டியதை நான் சொல்வேன். பிறகு நான் வண்டியை எடுப்பேன். மேட்டின் உச்சியில் திருப்பி வந்து உங்களை ஏற்றி, வீட்டுக்குக் கூட்டிவந்து, கட்டு மாற்றி, நேரத்துக்குச் சோறும் போடுவேன். அதில் குறை வைக்க மாட்டேன்.

சொல்ல விருப்பமில்லை என்றால் அந்தப் பின்னறையிலேயே இருங்கள். நாங்கள் மொய்யை வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுவோம்.

என் கால் இப்போது நடுங்குவதில்லை. ஆனால் அதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. ரூபிணியும் அன்று என்னை நம்பி நிற்கவில்லை, உங்களை நம்பித்தான் நின்றாள்.

நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பிரேக் உண்டு, மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் அந்த மேடு வழுக்கும், குடை கொண்டுவருகிறேன். மாரியம்மா உங்களுக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் கொடுக்கட்டும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: எஞ்சின் சத்தம் கனக்கும்போது, தயவுசெய்து, நகராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
வீ. தனபாக்கியம்