அடிபட்ட வண்டியா என்று யாரும் கேட்கவில்லை

ஆகஸ்ட் 9, 2007, வியாழன்

ஆடிக் காற்று. கோர்ட் வாசல் முழுக்கப் புழுதி, கறுப்புக் கோட்டு காக்கியாகிவிட்டது. இரண்டு வாய்தா, இரண்டும் தள்ளிவைப்பு.

மாலை ஷோரூம். புது எஸ்.யூ.வி.யைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தோல் இருக்கை, பின்னால் கேமரா, கூரையில் கண்ணாடி. டை கட்டிய பையன் ஆடித் தள்ளுபடி என்றான். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் தள்ளுபடியா, வண்டியில் ஏதோ இருப்பதால் தள்ளுபடியா? கேட்டேன். சிரித்தான். பதில் இல்லாதவர்கள்தான் சிரிப்பார்கள்.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கச் சொல்கிறான். அவர்கள் ஆள் வந்து ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் பார்ப்பானாம். தூக்கிப் பார்க்கவே கூடாது. வெளியில்தான் விற்க வேண்டும்.

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, சனி

காலை டெஸ்ட் டிரைவ், ஒத்தக்கடை வரை. ஒப்பீடு:

கதவு: பழையது சாத்தினால் தல்லாகுளத்துக்கே கேட்கும். புதியது சாத்தினால் சத்தமே இல்லை. சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.

ஏசி: பழையதில் வீட்டில் போட்டால் யானைமலை தெரியும்போதுதான் குளிரும். புதியதில் உடனே தும்மல்.

ஏறுவது: இரண்டும் உயரம். வீட்டுக்காரி கிரேஸுக்கு இரண்டும் கஷ்டம்.

பிரேக்: ஆளில்லாத இடத்தில் ஓங்கி மிதித்தேன். பையன் முன்னால் போய் விழப் பார்த்தான். வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஓட்டிப் பார்த்த வண்டியையே கழுவி என் தலையில் கட்டிவிடலாம். சீட் பெல்ட் துணிப்பட்டையின் பின்புறம் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு வைத்தேன். வீட்டில் சொன்னேன். "நீங்க யாரைத்தாங்க நம்புவீங்க?" என்றாள் கிரேஸ். நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன், பெயர் ஒன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போதே வாசலில் ஆட்கள். பழைய வண்டி பார்க்க. குபேந்திரன், சுங்குடிச் சேலை வியாபாரம், சாயப் பட்டறையும் உண்டு. கூட அவர் மனைவி. சௌராஷ்டிரக்காரர்கள்.

மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. குனிந்து உட்காரும் தாழ்வான கார்கள் ஆகாது. பஸ் நினைக்கவே முடியாது. எட்டு மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, இங்கே வந்ததே ஆட்டோவில் சாய்ந்தபடிதான். பரமக்குடியில் மகள் ஏழு மாதக் கர்ப்பம், ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இதெல்லாம். லைசென்ஸ், ரேஷன் கார்டு, கடை எங்கே, வண்டி ஓட்டப்போவது யார், எல்லாம் கேட்டேன். புரோக்கராக இருந்துவிடக் கூடாதே.

அந்த அம்மா இருக்கையில் நேராக ஏறி உட்கார்ந்தார். யாரும் பிடிக்கவில்லை. அவருக்கே ஆச்சரியம், சிரித்துவிட்டார். இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வினை. எனக்கு அந்தப் பாஷை தெரியும். மஹால் பக்கம் நெசவுத் தெருவில் வாடகைக்கு இருந்தோம், பன்னிரண்டு வயது வரை அந்தப் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. தெரியும் என்று யாரிடமும் காட்டிக்கொள்வதில்லை. கோர்ட்டில் சில கேஸ்களுக்கே உதவியிருக்கிறது. வேறு ஆளுக்குப் புரியாது என்று அவர்கள் அவ்வளவு நிம்மதியாகப் பேசுவார்கள்.

முதலில் என் மீசை. சாயம் சரியாக ஏறவில்லை, அடியில் செம்பட்டை தெரிகிறது என்றார் அந்த அம்மா. தொழில் தெரிந்தவர் சொல், பொறுத்துக்கொண்டேன். அடுத்து, எங்கேயாவது அடிபட்ட வண்டியா என்று கேளுங்கள் என்றார். குபேந்திரன் மாட்டேன் என்றார். இந்த மனுஷன் நம்மிடமே இவ்வளவு சந்தேகப்படுகிறார், இப்படிப்பட்டவர் வண்டியை எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார், முன்னால் வேதவசனம் வேறு ஒட்டியிருக்கிறது, கேட்டால் அவமரியாதை என்றார். அந்த அம்மா சரி என்று விட்டுவிட்டார்.

நான் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விலை பேசி முடிந்தது. ஆடி கழியட்டும், இருபதாம் தேதி காலை வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

அவனியாபுரம், பாண்டி பட்டறை. பிரேக் பார்க்கச் சொன்னேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதுகிறேன்: இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிங் ரோட்டில் பாலக் கட்டையில் மோதினேன். அடிச்சட்டம் வளைந்தது. பாண்டி நிமிர்த்திப் பற்றவைத்தான். இன்சூரன்ஸில் பணம் கேட்கவில்லை, பதிவாகிவிடும் என்று. எனக்கும் பாண்டிக்கும் மட்டும்தான் தெரியும். கிரேஸுக்கும் சொல்லவில்லை.

ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். எழுபதில் ஓங்கி மிதித்தால் இடது பக்கம் ஒரு முழம் இழுக்கிறது. இதற்கு மேல் சரி பண்ண முடியாது என்கிறான் பாண்டி. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாதாம். பரமக்குடி ரோட்டில் யார் மெதுவாகப் போகிறார்கள்?

"கேட்டாச் சொல்லிருங்கண்ணே. கேக்கலைன்னா நம்ம எதுக்கு வாயக் குடுக்கணும்" என்றான். சட்டமும் ஏறக்குறைய அதுதான். வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும். பல தடவை நானே வாதாடியிருக்கிறேன்.

பாண்டி எதற்கு இவ்வளவு கரிசனமாகப் பேசுகிறான்? குபேந்திரனிடம் போய்ச் சொல்லி ஏதாவது வாங்கிவிடுவானோ?

ஆகஸ்ட் 16, வியாழன்

தூக்கம் சரியில்லை.

ஷோரூமிலிருந்து போன், புது வண்டி வந்துவிட்டதாம். போய் முதலில் சீட் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். குறி இல்லை. வேறு வண்டிதான். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. ஏனோ அது எரிச்சலாக இருந்தது.

மத்தியானம் குபேந்திரன் ஆள் மூலம் ஒரு சுங்குடிச் சேலை, "அம்மாவுக்கு" என்று. எதற்குச் சேலை? என்ன எதிர்பார்க்கிறார்? கிரேஸ் பிரித்துப் பார்த்து, நல்ல மனுஷங்க, அதுக்கு ஒரு காரணம் வேணுமா என்றாள். அந்தச் சேலையைப் பார்க்கவே முடியவில்லை.

கேட்கவில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை. நாலு நாளாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கவில்லையா? அந்த அம்மா கேட்டார். என் முன்னால், நாலடி தூரத்தில். எனக்குப் புரியும்படிதான் கேட்டார். புரியாத மாதிரி நின்றது நான். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறேன். அவர்கள் சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, திங்கள்

காற்று அடங்கிவிட்டது. ஆறேகாலுக்கே வந்துவிட்டார்கள். மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய். ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்துக் கோயிலில் பூஜை போட்டுவிட்டு அப்படியே பரமக்குடி. மகளுக்குப் போன் பண்ணிவிட்டார்களாம். பின்சீட்டில் தூக்குவாளியில் ஏதோ பலகாரம். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டார். எட்டு மாதத்துக்கு அப்புறம் வெளியூர்.

குபேந்திரன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தார். வைக்காதீர்கள் என்றேன். தமிழில் இல்லை, அவர்கள் பாஷையில். நாற்பது வருஷமாகப் பேசாத பாஷை, நாக்கு தடுமாறியது. ரிங் ரோடு, பாலக் கட்டை, பற்றவைத்தது, பிரேக் பிடித்தால் இழுப்பது, எல்லாம் சொன்னேன். இந்த வண்டியில் போகாதீர்கள் என்றேன். வாசல்படியில் கிரேஸ். அவளுக்குப் பாஷை புரியவில்லை, என் முகம் புரிந்திருக்கும்.

குபேந்திரன் நிமிர்ந்தார். பழத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மா இறங்கவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"அப்ப, அன்னைக்கு நான் கேட்டது உங்களுக்குக் கேட்டுச்சுல்ல சார்?"

"கேட்டுச்சும்மா."

ஏறியது போல இறங்க முடியவில்லை அவரால். ஒரு காலை வைத்து, வலித்து, நிறுத்தினார். கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார், அவர்கள் பாஷையில்.