குதிரைக் கொட்டிலுக்கு மண் சுமந்த ஞாயிறு

திருவனந்தபுரம், கரமனை
கொல்லம் 1130 இடவம் 6

அன்பு மகன் அழகியநம்பிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை சரஸ்வதியும் தாணுமாலயன் கிருபையில் சுகமாக இருக்கிறோம், கல்கத்தாவில் நீயும் மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். பிள்ளைக்குப் பல் முளைக்கிற சமயம், வயிறு இளகினால் பயப்பட வேண்டாம், வசம்பை விளக்கில் சுட்டு இழைத்து ஒரு துளி நாக்கில் தடவச் சொல். உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. கொட்டிலை உடனே மூடு, குதிரைகளை யாரிடமாவது விட்டுவிட்டு என்னோடு வந்து இரு, அம்மா குதிரை லத்தி அள்ளுகிறாள் என்று ஊர் சிரிக்கிறது, பெரியப்பாவுக்குத் தெருவில் நடக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன். அதற்கு மறுநாளே என்ன நடந்தது என்று உனக்குப் பெரியப்பா எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன், அவர் எழுதுவதையும் வாசி, பிறகு யோசித்துக்கொள்.

குதிரைகள் எப்படி வந்தன என்று நீ கேட்கவே இல்லை. கார்த்திகையில் ஒரு மழை நாளில் கண் தெரியாத ஒரு கிழட்டுப் பெண் குதிரை, முழங்கால் இரண்டும் தோலுரிந்து, நம் வீட்டுப் பின்பக்கத்து வளவில் வந்து பசுவுக்கு வைத்திருந்த கழுநீரைக் குடித்துக்கொண்டிருந்தது. விரட்டினேன், போகவில்லை. மறுநாள் காணப் பயறு வேகவைத்துப் போட்டேன். பஸ் எல்லாத் தெருவுக்கும் வந்தபிறகு ஜட்காவில் யார் ஏறுகிறார்கள், தீனி போட முடியாதவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலைக் கடைத்தெருவில் அவிழ்த்துவிட்டுப் போகிறார்கள், லாரியில் அடிபட்டுக் கிடக்கின்றன. இங்கே ஒரு கிழவி கஞ்சி ஊற்றுகிறாள் என்று பேச்சுப் பரவி ஒவ்வொன்றாக வந்து ஐந்து ஆகிவிட்டன. அதில் சிவப்புக் குதிரை வேலாயுதனுடையது. முன்பு நம்மை ஆரியசாலைக்குக் கொண்டுவிடுவானே அந்த வேலாயுதன்தான், இப்போது பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறான், வேலை முடிந்ததும் வந்து அதன் கழுத்தைத் தடவிவிட்டு எல்லாவற்றுக்கும் புல் போட்டுவிட்டுப் போவான்.

மேட மாதக் கடைசியில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார், யாரோ பெட்டிஷன் கொடுத்திருக்கிறார்கள் என்றார். வளவு தாழ்ந்த இடம், கோடை மழைக்கே தண்ணீர் கட்டிச் சேறாகி ஒரே கொசு, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் தரையை உயர்த்தி ஓடை வெட்டி ஓலை மாற்றவில்லையென்றால் குதிரைகளை அப்புறப்படுத்த வேண்டிவரும் என்றார். அப்புறப்படுத்துவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரு நாள் உடம்பு வளைத்து உதவ வேண்டும் என்று கோயிலில் வைத்துக் கேட்டேன், கடைத்தெருவில் கேட்டேன், தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். நம் ஆட்கள் எல்லாரும் அதற்கென்ன வந்தால் போச்சு என்று தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறியும் ஒரு தலையைக் காணவில்லை. நானும் சரஸ்வதியும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு நின்றோம். முதலில் வந்தது யார் தெரியுமா, வலியசாலையிலிருந்து விஜயம் டீச்சர். சரஸ்வதிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள்தான், அக்கிரகாரத்திலிருந்து தென்னந்துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு நடந்தே வந்தாள், வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். பிறகு வேலாயுதன் வந்தான், அவன் பெண்சாதி வந்தாள், பழைய ஜட்காக்காரர்கள், புல் விற்கிற பெண்கள், கிள்ளியாற்றங்கரையில் ஓலை முடைகிறவர்கள் என்று ஒரு கூட்டமே வந்தது. எல்லாரும் மலையாளத்துக்காரர்கள். எந்தா அம்மா, தொடங்ஙாமோ என்று கேட்டுக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்கள்.

செம்மண் ஏற்றிய மாட்டுவண்டி வந்தபோதுதான் உன் பெரியப்பா வந்தார். வளவு வாசலுக்குக் குறுக்கே நின்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என்ன பொன்னம்மை, இது குடும்பம் இருக்கப்பட்ட தெருவா, சந்தையா? எல்லைத் தகராறுல தமிழனுக்குத் தலைய வெளிய நீட்ட வழியில்ல, நீ மலையாளத்தானைக் கூட்டமா வளவுக்குள்ள ஏத்துகியோ?" என்றார். தெரு முழுக்க ஜன்னலில் நிற்கிறது. "பெட்டிஷன் எழுதிப் போட்டது நாந்தான், இப்பம் என்ன செய்யப் போற?" என்றார். மக்களே, அதுவரை எனக்குக் கோபம் இல்லை, பயந்தான் இருந்தது. அவர் எதிரில் நிமிர்ந்து நின்று நான் பேசியதே கிடையாது, உன் அப்பா இறந்தபோதுகூடக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் அவர் சொன்னதற்கெல்லாம் சரி சொன்னேன். வேலாயுதன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா மாறி நில்லு, ஞான் பறயாம்" என்று முன்னால் வந்தான். அவன் வாயைத் திறந்தால் அது மலையாளத்தானுக்கும் தமிழனுக்கும் சண்டையாகிவிடும், போலீஸ் வரும், போன வருஷம் எல்லைப் போராட்டத்தில் பட்டது போதாதா. அவனைக் கையைக் காட்டி நிறுத்தினேன். "அத்தான், வளவு எங்க அப்பா எனக்குத் தந்தது, வண்டிய விடுங்க" என்றேன். "விடமாட்டேன், வண்டி உள்ள போகணும்னா என் மேல ஏறித்தான் போகணும்" என்றார். "நீங்க பெரியவிய, உங்க மேல வண்டி ஏத்த மாட்டேன். மண்ணு இங்கன இருந்தே போவும்" என்று சொல்லி, கூடையை எடுத்து வண்டியிலிருந்து மண்ணை அள்ளிப் போட்டு, தலையில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே போய்க் கொட்டினேன்.

திரும்பி வந்தபோது சரஸ்வதி தலையில் கூடை இருந்தது, அவளுக்குப் பின்னால் விஜயம், அவளுக்குப் பின்னால் வேலாயுதன் பெண்சாதி. ஒருவர் பின் ஒருவராக அவரைச் சுற்றிப் போவதும் வருவதுமாக இருந்தோம், அவர் கயிற்றை விடாமல் பிடித்தபடியே நின்றார், வண்டிக்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் பீடி பற்றவைத்தான். எதிர் வீட்டுச் சாம்பசிவன் பெண்சாதி படி இறங்கி வந்து அவள் வீட்டு அரிசிக்கூடையையே எடுத்துக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள். மேல வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர். மற்றவர்கள் ஜன்னலோடு சரி, அது அவர்கள் இஷ்டம். கடைசியில் வண்டி காலியாகிவிட்டது. காலி வண்டியின் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷர் எவ்வளவு நேரம் நிற்பார், கயிற்றை விட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வண்டி நேரே உள்ளே வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவரை அப்படி நடந்து போகப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, ஆனால் கூடையைக் கீழே வைக்கவும் இல்லை.

பிற்பகலுக்குள் தரை ஒரு முழம் உயர்ந்துவிட்டது, ஓடையை வெட்டித் தெரு ஓடையோடு சேர்த்தார்கள், கிழக்குப் பக்கம் முழுக்கப் புது ஓலை. குதிரைகளைத் தேய்த்துக் கழுவிப் புண்ணுக்கெல்லாம் வேப்பெண்ணெய் போட்டோம். மத்தியானம் எல்லாருக்கும் கஞ்சியும் பயறும் மரச்சீனிக் கிழங்கும். விஜயம் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், தள்ளி உட்கார்ந்து அதைத்தான் சாப்பிட்டாள், ஆனால் வேலாயுதன் பெண்சாதி ஊற்றிக்கொடுத்த சுக்குவெந்நீரை வாங்கிக் குடித்துவிட்டு, "மாமி, வலியசாலையிலே இதை மூச்சு விட்டுடாதேங்கோ" என்றாள். நான் விடவில்லை, உனக்கு மட்டும் எழுதுகிறேன். எல்லாம் முடிந்தும் கண் தெரியாத குதிரை மட்டும் புது மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது, நான் முன்னால் நின்று ஒவ்வொரு அடிக்கும் காணம் கொடுத்துக் கொடுத்து உள்ளே கூட்டிவந்தேன். வந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டது பார், என் முழங்கால் வலியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், காய்ந்த தரையைப் பார்த்து என்ன சொல்வது, ஒரு மழை பெய்யட்டும் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டோகொட்டென்று கொட்டியது. காலையில் பயந்துகொண்டே போய்ப் பார்த்தேன், ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, கொட்டில் தரையில் ஈரம்கூட இல்லை. அவரும் வந்து செருப்புக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், ஆனால் இனி ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது என்றார். சரி என்றேன். நேற்றுக் காலையில் வாசலைத் திறந்தால், வாசல் தூணில் ஒரு நொண்டி மட்டக் குதிரை கட்டிக் கிடக்கிறது. சேர்த்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வந்தால் அவரிடமும் சொல்வேன், என் வளவில் எத்தனை நிற்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

உன் பெரியப்பா சரஸ்வதி கல்யாணப் பேச்சிலிருந்து விலகிக்கொண்டார். இரணியல் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களிடம் இனி என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டாராம். இதுதான் உனக்கு வேதனையாக இருக்கும், எனக்கும் இல்லாமல் இல்லை. சரஸ்வதியிடம் கேட்டேன். "மண்ணு சுமந்தவளை வேண்டாம்னு சொல்லுக வீட்டுல நான் போய் என்னத்துக்கும்மா?" என்று சொல்லிவிட்டு ஓடையில் அடைத்த சருகை எடுக்கப் போய்விட்டாள். இரணியல்காரர்களுக்கு நானே ஆள் அனுப்பியிருக்கிறேன், நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லியிருக்கிறேன். சம்மதம் என்றால் வரட்டும், இல்லையென்றால் வேறு வீடு பார்ப்போம். வளவுப் பலாவில் முதல் பழத்தைப் பெரியப்பா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பழமும் அனுப்புவேன். நீ அவருக்கு மரியாதையாகக் கடிதம் எழுது, அவர் பக்கம் பேசி எனக்கு எழுதாதே.

கல்கத்தாவுக்கு நான் வரவில்லை. பேரனைப் பார்க்க ஆசை இருக்கிறது, நீ அவனைத் தூக்கிக்கொண்டு இங்கே வா. வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மருமகளிடம் முகம் சுளித்துப் பேசாதே. மூன்று பேரும் தீர்க்காயுசாக, மனசில் தெம்போடு இருக்க வேண்டும், அதற்குத்தான் தினமும் விளக்கு ஏற்றுகிறேன். ஓணத்துக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிப்போக வருவதாக எழுதியிருக்கிறாய். கூட்டிப்போக வர வேண்டாம், சும்மா வா. வரும்போது மறக்காமல் அழுக்கானால் பரவாயில்லை என்கிற பழைய வேட்டி இரண்டு எடுத்துக்கொண்டு வா, கொட்டிலுக்கு மேற்குப் பக்கம் இன்னும் பழைய ஓலையோடுதான் கிடக்கிறது.

இப்படிக்கு,
எங்கும் வராமல் இங்கேயே இருக்கும் உன் அம்மா,
பொன்னம்மை