சாமி இல்லாத சரிவு

என் அன்பு அண்ணனுக்கு,

நீ இல்லாமல் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது. சாமை அறுத்துக் களத்தில் போட்டாயிற்று. உன் செவலைக் காளை மட்டும் இன்னும் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது. ஏரில் பூட்டினால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, உன்னைத்தான் தேடுகிறது போல. எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் அழுகை வரும். இப்படித்தான் நாள் போகிறது.

உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். கேட்டால் நீ தாங்க மாட்டாய் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கோயில் காட்டு ஊற்று நின்றுவிட்டது அண்ணா.

சித்திரையில் வற்றியபோது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மழை விழுந்தால் ஊறும் என்று இருந்தோம். மழை விழுந்தது. ஐப்பசியில் வானமே கிழிந்த மாதிரி கொட்டியது. ஆனால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. மேலே மரம் வெட்டிய சரிவிலிருந்து செம்மண்ணாக உருண்டு வந்து, பள்ளத்தில் நான் நட்டிருந்த நெல் வயலை மூடிவிட்டுப் போனது. கார்த்திகையில் ஊற்றுக் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். பாசிகூடக் காய்ந்து உரிந்திருந்தது. நீ பூசை செய்த இடத்தில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் மேலேறி வந்தேன்.

அந்தச் சரிவை விட்டுக் கொடுத்த கூட்டம் உனக்கு நினைவிருக்கும். புது ரோட்டில் லாரி கொண்டு வந்த காண்ட்ராக்டர், மரம் கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுத் தருவதாகச் சொன்னார். ஊர் முழுக்க உன் முகத்தைத்தான் பார்த்தது. பூசாரி நீ வாய் திறக்காமல் எதுவும் நடக்காதே. நீ எழுந்து சொன்னாய்: "கோயில் காட்டுல ஒரு சுள்ளியத் தொடக் கூடாதுங்க. மேல இருக்கறது சாமி இல்லாத எடம். அத வேணும்னா வெட்டிக்கச் சொல்லுங்க."

எல்லோருக்கும் மனம் நிறைந்து போயிற்று. ஆத்தாளின் காடும் தப்பியது, பிள்ளைகளுக்கு ஓடும் கிடைத்தது. காண்ட்ராக்டரின் ஆட்களும் சொன்ன சொல் மாறவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு கிளையைக்கூட அவர்கள் முறிக்கவில்லை. நீ கண் மூடும்போது காட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் போனாய்.

ஊர் இப்போது என்ன சொல்கிறது தெரியுமா? அண்ணிதான் காரணமாம்.

நீ போன அன்று உன்னைக் குளிப்பாட்ட ஓடைத் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அண்ணி அதை வேண்டாம் என்றார். அத்தனை வருஷம் நீ தொண்டு செய்த ஊற்றுத் தண்ணீர்தான் உன் மேல் பட வேண்டும் என்று, தானே குடத்தை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே போனார். அன்றைக்கு ஒருவரும் தடுக்கவில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னார்: "உங்கண்ணன் தங்கமான மனுசன் கண்ணு. உங்கண்ணி எழவூட்டுக் கொடத்த ஊத்துல முக்குனது ஆத்தாளுக்கு ஆகல. கெடா வெட்டிக் கும்புட்டா தண்ணி தானா வரும்."

கிடாவும் வெட்டினோம். தண்ணீர் வரவில்லை. அதற்கும் அண்ணியின் பாவம் அவ்வளவு பெரியது என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

போன வாரம் உன் காளை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. தேடிக்கொண்டு கிழக்குப் பள்ளத்துக்குப் போனேன். அங்கே கோயிலும் இல்லை, கல்லும் இல்லை, யாரும் விளக்கு வைத்ததும் இல்லை. ஆனால் ஊற்று வழிந்து ஓடுகிறது. மேலே ஏறிப் பார்த்தேன். சரிவு முழுக்க அடர்ந்த காடு. கால் வைத்தால் சருகுக்குள் புதைகிறது, கையால் கிளறினால் ஈரம். திரும்பி வந்து நம் சரிவிலும் ஏறினேன். அடிமரக் கட்டைகள், சரளைக் கல், காலைச் சுடுகிற மண். முன்பு அங்கே பாறைத் தேன் எடுப்போமே, ஒரு ஈயைக்கூடக் காணவில்லை. ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சாமிக்கு எதுவரை சொந்தம் என்று கல் நட்டு வைத்த நாம், தண்ணீர் எங்கிருந்து இறங்குகிறது என்று ஒரு நாளாவது பார்த்தோமா அண்ணா?

இப்போது அண்ணி அந்தக் கிழக்குப் பள்ளத்துக்குத்தான் குடம் தூக்கிப் போகிறார். அவர் நிரப்பி நகர்ந்த பிறகுதான் மற்றப் பெண்கள் ஊற்றுக்கு இறங்குகிறார்கள். நேற்று வழியில் என்னைப் பார்த்துக் குடத்தை இறக்கி வைத்தார். "ஏனுங்க கொழுந்தனாரே, நெசமாலுமே நாந்தான் தண்ணிய நிறுத்திப்புட்டனா?" என்றார். "இல்லீங்க அண்ணி" என்றேன். அவர் நம்பவில்லை. ஒருத்தன் தனியாக வந்து வழியில் சொன்னால் யார் நம்புவார்கள்?

இதற்கிடையில் காண்ட்ராக்டர் கிழக்குச் சரிவையும் கேட்டிருக்கிறார். தை அமாவாசைக்கு ஊர் கூடுகிறது. அங்கே சாமி இருக்கிறதா என்று கேட்பார்கள், இல்லை என்பார்கள், வெட்டிக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். உன் வார்த்தையைத்தான் எடுத்துச் சொல்வார்கள். பூசாரியே அன்றைக்கு அப்படித்தானே சொன்னார் என்பார்கள். செத்துப் போன பிறகு உன் பேச்சுக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

அதனால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். நான் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். ஊற்றை நிறுத்தியது அண்ணியின் குடம் இல்லை, மேல் சரிவில் விழுந்த கோடாலிதான் என்று சொல்லப் போகிறேன். யார் வெட்டச் சொன்னது என்று கேட்பார்கள். மழுப்பினால் பழி திரும்பவும் அண்ணி தலையில்தான் விழும். என் அண்ணன் சொன்னார், நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம், எல்லோருடைய கணக்கும் தப்பாகப் போயிற்று என்று உன் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன்னைத் தெய்வமாக வைத்திருக்கிற ஊர் இது. கூடப்பிறந்தவனே காட்டிக் கொடுத்தான் என்று என்னைத் தூற்றும். தூற்றட்டும். உன் பெயர் என் கையால் கொஞ்சம் அழுக்காகும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் நீயே எழுந்து சொல்லியிருப்பாய், இல்லையா? அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் நல்ல பெயருக்காக உன் பெண்டாட்டியைப் பழிக்கு விட மாட்டேன் அண்ணா. இது சத்தியம்.

கண்ணீருடன்,
உன் தம்பி, உன் வீட்டுக்காரிக்கு இனி உடன்பிறந்தான்